கிராம சபையும் சாலைப் பாதுகாப்பும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பள்ளி வாசலில் வேகத்தடை கேட்டு இரண்டு கிராம சபைகளில் பேசிவிட்டோம். தீர்மானம் போட்டாச்சு என்கிறார்கள், வேலை மட்டும் நடக்கவில்லை. – வாசகி, விருத்தாசலம் வட்டம்

பதில்: அந்தச் சாலை யாருடையது என்று முதலில் பாருங்கள். கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. இவற்றில் ஊராட்சி ஒரு சட்டி தார்கூடக் கொட்ட முடியாது. தீர்மானம் நோட்டிலேயே தூங்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். நகலை வாங்கி, நெடுஞ்சாலைத் துறையின் உதவிக் கோட்டப் பொறியாளருக்கு ஒன்றும், மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவரான ஆட்சியருக்கு ஒன்றும் கொடுங்கள். ஊராட்சி ஒன்றியச் சாலை என்றால் வட்டார வளர்ச்சி அலுவலருக்குக் கொடுங்கள்.

'பள்ளி வாசலில்' என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தக் கல்லிலிருந்து எத்தனை மீட்டர், எந்தப் பக்கம் என்று தீர்மானத்திலேயே இருக்க வேண்டும். கையெழுத்துப் போடுமுன் அதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிரதான சாலையில் வேகத்தடை கிடைக்காவிட்டால், அதில் வந்து சேரும் தெருவில் கேளுங்கள். பிரதான சாலையின் விளிம்புக்குச் சுமார் 5 மீட்டர் முன்னால் அது அமைய வேண்டும். பள்ளி எச்சரிக்கைப் பலகையும் பாதசாரிக் கோடுகளும் தனியாகக் கேட்க வேண்டியவை.

கேள்வி: எங்கள் தெருவில் இளைஞர்களே சிமெண்ட் போட்டு மேடு கட்டிவிட்டார்கள். நல்லதுதானே? – வாசகர், திருமங்கலம்

பதில்: நோக்கம் நல்லது, மேடு ஆபத்தானது. சாலை அமைப்புக்கு விதி வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடையின் உயரம் 10 செ.மீ., வண்டி ஓடும் திசையில் அகலம் 3.7 மீட்டர். 25 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஏறி இறங்குவதற்கான கணக்கு இது. தெருவில் கட்டுவது பெரும்பாலும் ஒரு முழ அகலம்தான். இரவில் பைக் தூக்கிப்போடும், பின்னால் புடவையோடு ஒருபக்கமாக உட்கார்ந்திருப்பவர் விழுவார், கர்ப்பிணியோடு வரும் ஆம்புலன்ஸ் குலுங்கும். கொத்தனாரின் ட்யூப் லெவல் வைத்தால் உயரம் ஐந்து நிமிடத்தில் தெரியும். அதிகமாக இருந்தால் இடித்துவிட்டு முறைப்படி கேளுங்கள். ஓரம் வரை ஒரே உயரமாக இழுத்தால் மழைநீர் தேங்கி அந்த இடத்திலேயே பள்ளம் விழும். வெள்ளை, கறுப்புப் பட்டைகளும் 40 மீட்டர் முன்னால் பலகையும் கட்டாயம். பெயிண்ட் அழிந்த வேகத்தடை, இல்லாததைவிட மோசம்.

கேள்வி: பதினைந்து வயதுப் பையன்கள் பைக்கில் பறக்கிறார்கள். போலீசில் சொன்னால் 'பார்க்கிறோம்' என்கிறார்கள். – வாசகர், பண்ருட்டி

பதில்: வாய்ப்பேச்சு வேண்டாம். வண்டி எண், தேதி, நேரம், இடம் எழுதி மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (மனு பதிவானதற்கான சான்று) வாங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும், பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இதை அடுத்த கிராம சபையில் உரக்க வாசித்தாலே பல வீட்டில் சாவி பீரோவுக்குள் போய்விடும்.

கேள்வி: மகளுக்குப் பள்ளியில் இலவச சைக்கிள் கொடுத்திருக்கிறார்கள். சிறப்பு வகுப்பு முடிந்து இருட்டில் வருகிறாள். – வாசகி, செஞ்சி

பதில்: புதுச் சைக்கிளில் பிரேக் கம்பி சீக்கிரம் தளரும். இரண்டு வாரத்தில் ஒருமுறை இழுத்துக் கட்டுங்கள். லீவரை முழுக்கப் பிடித்தாலும் ஹேண்டில்பாரைத் தொடக்கூடாது. மழையில் ரிம் நனைந்தால் பிரேக் தாமதமாகத்தான் பிடிக்கும், முன்கூட்டியே மெல்ல அழுத்தச் சொல்லுங்கள். பின்பக்கச் சிவப்பு ரிஃப்ளெக்டர் நேராகப் பின்னோக்கி நிற்க வேண்டும். மட்கார்டு வளைந்து அது தரையைப் பார்த்தால் லாரிக்காரர் கண்ணில் படாது. கேரியரில் தொங்கும் புத்தகப் பையும் அதை மறைக்கும், பையிலேயே ஒளிரும் பட்டை ஒட்டுங்கள். ரிஃப்ளெக்டர் பிறர் வெளிச்சத்தில்தான் மின்னும். தெருவிளக்கு இல்லாத வழியென்றால் பேட்டரி விளக்கும் வேண்டும்.