பங்கு பரிந்துரைத்தவர்கள் மேல் நம்பிக்கை போய்விட்டது, எல்லாவற்றையும் விற்றுவிடலாமா?

கேள்வி: அம்பத்தூரில் வசிக்கிறேன், வயது 44. பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவு பெற்ற ரிசர்ச் அனலிஸ்ட் (பங்கு பரிந்துரைக்கும்) நிறுவனம் ஒன்றின் ஸ்மால்கேப் பாஸ்கெட்டில், அதாவது சிறிய கம்பெனிப் பங்குகளின் தொகுப்பில், மூன்று வருடம் முன்பு 9 லட்சம் ரூபாய் போட்டேன். ஆண்டுச் சந்தா 12,000 ரூபாய். மொத்தம் 20 பங்குகள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். ஒரு வருடமாக இறக்கம்தான். திட்டத்தை உருவாக்கிய இருவரில் ஒருவர் விலகிவிட்டார். கேட்டால் மழுப்புகிறார்கள். மொத்தமாக விற்றுவிடலாமா?

பதில்: இறக்கத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ஸ்மால்கேப் பங்குகள் எல்லாமே சரியும்போது நல்ல திட்டமும் சரியத்தான் செய்யும். எழுதிக்கொடுத்த விதிப்படி அவர்கள் நடந்தார்களா என்று பாருங்கள்.

சந்தா கட்டியபோது வந்த திட்டக் குறிப்பை எடுங்கள். இதுவரை 12 ரீபேலன்ஸ் (பங்குகளை மாற்றும்) மெயில்கள் வந்திருக்கும். சேர்த்த பங்கு, நீக்கிய பங்கு, சொன்ன காரணம் மூன்றையும் ஒரு ஷீட்டில் எழுதுங்கள். குறிப்பில் இல்லாத காரணத்துக்காக வாங்கியது, விதிப்படி நீக்கவேண்டிய பங்கை ‘இன்னும் ஒரு காலாண்டு பார்ப்போம்’ என்று விட்டுவைத்தது, ஒரே பங்குக்கு வரம்பை மீறி இடம் கொடுத்தது ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு இருந்தால் விட்டுவிடலாம். நான்கைந்து இருந்து, அவையும் அந்த நபர் போன பிறகு வந்தவை என்றால், நீங்கள் பணம் கட்டிச் சேர்ந்த திட்டம் இப்போது இல்லை. தாராளமாக விலகுங்கள்.

உங்கள் வருமானத்தை அவர்களுடைய வரைபடத்தில் தேடாதீர்கள். சந்தா, தரகு, வரி இவற்றைக் கழிக்காமல்தான் அது பெரும்பாலும் வரையப்படுகிறது. கூகுள் ஷீட்டில் போட்ட தொகைகளையும் சந்தாக்களையும் தேதிவாரியாக மைனஸில் எழுதி, இன்றைய மதிப்பைக் கடைசியில் பிளஸில் வைத்து எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். (தேதிகளைக் கணக்கில் கொண்டு ஆண்டு வருமான சதவீதம் சொல்லும் ஃபார்முலா) போடுங்கள். அதை நிஃப்டி ஸ்மால்கேப் 250 டி.ஆர்.ஐ. (டிவிடெண்டையும் சேர்த்த) குறியீட்டோடு ஒப்பிடுங்கள், பெரிய கம்பெனிகளின் நிஃப்டி 50 இதற்குப் பொருந்தாது. உங்கள் 9 லட்சத்துக்குச் சந்தா 1.33% ஆகிறது. இதே சந்தாவை 2 லட்சம் வைத்திருப்பவர் கட்டினால் 6%. அவருக்கு எவ்வளவு நல்ல திட்டமும் கட்டுப்படியாகாது.

விலகுவது என்று முடிவானால், விற்கும் வரிசை மிக முக்கியம். வாங்கி 12 மாதத்துக்குள் விற்ற லாபத்துக்கு 20% வரி. அதைத் தாண்டினால் 12.5%, அதிலும் ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரை வரி கிடையாது. நீண்டகால லாபம் 2.10 லட்சம் என்று வையுங்கள். ஒரே மூச்சில் விற்றால் 85,000 ரூபாய்க்கு 10,625 வரி, செஸ் தனி. மார்ச் 31க்குள் 1.25 லட்சம் லாபத்துக்கும், ஏப்ரலில் மீதிக்கும் விற்றால், அந்த இரண்டு ஆண்டுகளிலும் வேறு நீண்டகால லாபம் இல்லாதவரை வரியே வராது. நஷ்டத்தில் உள்ள குறுகியகாலப் பங்குகளை இந்த ஆண்டே விற்று லாபத்தோடு நேர்செய்யுங்கள். மிஞ்சிய நஷ்டத்தை 8 ஆண்டுகள் வரை எடுத்துச் செல்லலாம். ஆனால் வருமான வரி ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். ஒரே பங்கைப் பல முறை வாங்கியிருந்தால், டீமேட்டில் முதலில் வாங்கியதே முதலில் விற்றதாகக் கணக்காகும்.

பத்து மாதம் ஆன பங்குக்கு வரி குறையட்டும் என்று இரண்டு மாதம் காத்திருப்பது பெரிய கம்பெனி என்றால் சரி. வர்த்தகம் குறைவான சின்னக் கம்பெனியில் வேண்டாம். லோயர் சர்க்யூட்டில் (ஒரு நாளில் விலை இறங்க அனுமதித்த கீழ் எல்லையில்) மாட்டினால் வாங்க ஆளே இருக்காது, லாபத்தில் 7.5% வரி மிச்சம் பிடிக்கப்போய் பங்கின் மதிப்பில் 20% கூட இழக்கலாம்.

ரீபேலன்ஸ் நாளில் விற்காதீர்கள். அன்று சந்தாதாரர்கள் எல்லோரும் அதே பங்குகளைத் தள்ளுவார்கள், விலை சரியும். காலை 9.15க்குச் சந்தை திறந்த முதல் அரை மணி நேரத்தைத் தவிர்த்து, லிமிட் ஆர்டரில் (நீங்கள் குறித்த விலைக்குக் கீழே விற்காத ஆர்டரில்) விற்பனை செய்யுங்கள். உங்களிடம் உள்ள எண்ணிக்கை அந்தப் பங்கின் அன்றாட வர்த்தகத்தில் 5 சதவீதத்தைத் தாண்டினால், மூன்று நான்கு நாட்களுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சந்தாவை இடையில் நிறுத்தினால், மீதமுள்ள காலத்துக்கான தொகையைத் திருப்பிக் கேட்க செபி விதிப்படி உங்களுக்கு உரிமை உண்டு. மெயிலில் எழுதிக் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் என்ற இணையப் புகார் தளத்தில் பதியலாம். நிறுவனம் 21 நாட்களுக்குள் அதற்குத் தீர்வு சொல்ல வேண்டும். புகாரில் ‘ஐ.என்.எச்.’ என்று தொடங்கும் அவர்களுடைய பதிவு எண்ணையும், சந்தா கட்டிய ரசீதையும் சேர்த்துவிடுங்கள்.