ஜூலைக் குளிரில் வெறுங்கால் ஓட்டம்: மரத்துப்போகும் விரல், வெடிக்கும் குதிகால்

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் பக்கம் உள்ள லெனேசியாவில் காலை ஆறு மணிக்கு வெறுங்காலோடு ஓடினால் பத்தே நிமிடத்தில் விரல் மரத்துப்போகிறது, குதிகால் வெடித்து ரத்தம் கசிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் நேரத்தை மாற்றுங்கள். அங்கே ஜூலை குளிர்காலம், விடியலில் புல்லெல்லாம் உறைபனி. பதினொரு மணி வெயிலில் அதே தார்ச்சாலை காய்ந்து இதமாக இருக்கும். காலின் சூட்டை வேகமாக உறிஞ்சுவது ஈரம்தான். உலர்ந்த குளிரை ஓரளவு தாங்கலாம்.

காலையில்தான் முடியும் என்றால், ஷூவோடு 10 நிமிடம் ஓடி உடம்பு சூடான பிறகு கழற்றுங்கள். குல்லா, கையுறை, நீளக் கால்சட்டை அவசியம். உடம்பு குளிர்ந்தால் கை கால்களுக்குப் போகும் ரத்தத்தைத்தான் முதலில் குறைக்கும். செருப்பு இடுப்புப் பையில் இருக்கட்டும். விரல் மரத்ததும் நிறுத்துங்கள். மரத்த காலில் நெருஞ்சி முள் ஏறினாலும் தெரியாது, குளிர்காலத்தில் அது காய்ந்து பாதையெல்லாம் கிடக்கும்.

வந்ததும் ஹீட்டர் முன்னால் கால் நீட்டாதீர்கள், சுடுவது தெரியாமல் கொப்பளித்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். பிறகு விரலிடுக்கு வரை ஈரம் போகத் துடையுங்கள்.

ரத்தம் கசியும் வெடிப்பு மூடும்வரை ஓட்டம் வேண்டாம். வாசலின் தடவிக் கட்டுப் போடுங்கள். தோலை மென்மையாக்கும் யூரியா க்ரீம் அதில் பட்டால் எரியும். மூடிய பிறகு, இரவில் குதிகாலை 10 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, கால் தேய்க்கும் கல்லால் ஓரத்துத் தடித்த தோலை மட்டும் லேசாகத் தேய்த்து, 25 சதவீத யூரியா க்ரீம் பூசி, பருத்தி சாக்ஸ் போட்டுப் படுங்கள். ஓடும் முன் பூசவே கூடாது, ஊறிய தோல் தாரில் உரிந்துவிடும்.

சர்க்கரை நோய் உண்டா? உண்டென்றால் வெறுங்கால் ஓட்டமே வேண்டாம், தயவுசெய்து.