சீன மூலிகையும் கருத்தரிப்பும்: கேள்வி பதில்

சிங்கப்பூரில் மருந்தாளுநராக இருக்கிறேன். சீன மூலிகையும் ஆங்கில மருந்தும் ஒரே உடம்பில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் துறை. நான் சீன வைத்தியர் இல்லை, அதனால் நாடி பார்த்துக் கஷாயம் எழுதித் தர மாட்டேன். கேட்பவர்கள் தயவுசெய்து ஒன்றை முதலில் சொல்லிவிடுங்கள்: கணவருக்கு விந்துப் பரிசோதனை முடிந்துவிட்டதா?

ஈசூன் வாசகி: அக்கா, வயது 31, கல்யாணமாகி 2 வருடம். பிசிஓஎஸ் (முட்டை ஒழுங்காக வெளிவராத சினைப்பைக் கோளாறு) இருக்கிறது. என் சீனத் தோழிக்குக் கஷாயம் குடித்துத்தான் குழந்தை பிறந்ததாம். அதே பொட்டலத்தை எனக்கும் வாங்கித் தருகிறேன் என்கிறாள். குடிக்கலாமா?

பதில்: அவளுடைய பொட்டலம் வேண்டாம் தங்கச்சி. சீன வைத்தியத்தின் கணக்குப்படியே அது உங்களுக்கான மருந்து அல்ல. 17ஆம் நூற்றாண்டில் ஷான்சி மாநிலத்தில் வாழ்ந்த ஃபூ ஷான் என்ற வைத்தியர், கரு தங்காததற்குப் பத்துக் காரணங்களைப் பிரித்து எழுதினார். உடல் பருத்தவளுக்கு ஒரு மருந்து, மெலிந்தவளுக்கு வேறு மருந்து. நம் காலத்தில் நான்ஜிங் நகரத்து வைத்தியர் ஷியா குய்ச்செங் மாதச் சுழற்சியையே பகுத்து, மாதவிடாய் நாட்களுக்கு ஒன்று, அது முடிந்ததும் ஒன்று, முட்டை வெளிவரும் சமயத்துக்கு ஒன்று, அதற்குப் பிறகு ஒன்று என்று மருந்தை மாற்றும் முறையைப் பரப்பினார். நல்ல சீன வைத்தியர் யாரும் பத்து பேருக்கு ஒரே பொட்டலம் தர மாட்டார்.

பெரும்பாலும் அந்தப் பொட்டலத்துக்கு அடிப்படை 'ஸ் வூ தாங்' ஆக இருக்கும். டாங் குய், ஷூ டி ஹுவாங், பாய் ஷாவ், சுவான் ஷியோங் என்ற நான்கு சரக்குகள், 'ரத்தத்தை வளர்க்க'. சோங் அரச காலத்து மருந்து நூலிலேயே இந்தக் கூட்டு இருக்கிறது. பழமையானது, உண்மை. பிசிஓஎஸ் உள்ளவருக்கு முட்டை வெளிவர அது உதவுமா என்பது வேறு கேள்வி.

பிசிஓஎஸ்ஸில் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்த சீன மூலிகைப் பொருள் ஒன்று உண்டு. ஹுவாங் லியன் என்ற மூலிகையில் இருக்கும் பெர்பெரின். (நம் மரமஞ்சளிலும் இருப்பது இதேதான்.) சீனாவில் 644 பெண்களிடம் நடந்த அந்த ஆய்வு 2016இல் வெளியானது. முட்டை வெளிவரத் தூண்டும் லெட்ரோசோல் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 36 விழுக்காட்டினருக்குக் குழந்தை பிறந்தது. பெர்பெரின் மட்டும் எடுத்தவர்களில் 22. இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களில் 34. அதாவது மாத்திரையோடு மூலிகையைச் சேர்த்ததால் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. மறுஆண்டு 1000 சீனப் பெண்களிடம் அக்குபஞ்சரைச் சோதித்தார்கள். குழந்தைப் பிறப்பைக் கூட்டியது, முட்டையைத் தூண்டும் இன்னொரு மாத்திரையான குளோமிஃபின்தான், அக்குபஞ்சர் ஊசி இல்லை. இரண்டையும் நடத்தியது சீன மருத்துவத்தை மதிக்கும் சீன ஆய்வாளர்கள். முடிவை ஒளிக்காமல் வெளியிட்டதற்காக அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

நீங்கள் செய்ய வேண்டியது: 35 வயதுக்குள் ஒரு வருடம் முயன்றும் கரு நிற்கவில்லையென்றால் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு இரண்டு வருடம் ஆகிவிட்டது. முதலில் லெட்ரோசோல் பற்றிப் பேசுங்கள். சீன வைத்தியரிடம் போக ஆசை இருந்தால் போங்கள், ஆனால் இருவருக்கும் மற்றவர் தருவது தெரிய வேண்டும். கணவரின் பரிசோதனை பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

புக்கிட் பாத்தோக் வாசகர்: நான் கணவன். என் விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டில் மில்லி லிட்டருக்கு 9 மில்லியன் விந்தணு என்று வந்திருக்கிறது. எனக்குச் சீன மருந்து உண்டா?

பதில்: பரிசோதனையை முடித்துவிட்டு வந்தீர்களே, மிக்க நன்றி தம்பி. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் வரம்பு 16 மில்லியன். ஒரே பரிசோதனையை வைத்து முடிவு கட்டாதீர்கள். விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும். நடுவில் வந்த ஒரு காய்ச்சல்கூட எண்ணிக்கையைக் குறைத்துவிடும். மறுபடி எடுத்துப் பாருங்கள், சிறுநீரியல் (யூராலஜி) நிபுணரிடம் வெரிகோசில், அதாவது விதைப்பையில் ரத்தநாளப் புடைப்பு, இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஆண்களுக்குச் சீனர்கள் வழக்கமாகத் தருவது 'ஐந்து விதை' மாத்திரை: கோஜி, தூ ஸ் ஸு, ஃபூ பென் ஸு, வூ வெய் ஸு, ச்சே ச்சியான் ஸு. அது எண்ணிக்கையைக் கூட்டும் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

குறைக்கும் மூலிகைதான் நிச்சயமாகத் தெரியும். மூட்டு வலிக்கோ முடக்குவாதத்துக்கோ 'லெய் கோங் தெங்' எடுக்கிறீர்களா? அதை உட்கொண்ட ஆண்களுக்கு விந்தணு குறைவதைச் சீன மருத்துவர்களே கண்டு எழுதினார்கள். 1970களில் பருத்திக் கொட்டையிலிருந்து எடுத்த கோசிபோலை ஆண்களுக்கான கருத்தடை மாத்திரையாகவே சீனாவில் சோதித்தார்கள். சிலருக்கு விந்தணு திரும்பி வரவே இல்லை, ரத்தத்தில் பொட்டாசியமும் ஆபத்தான அளவுக்கு இறங்கியது. மூலிகைக்கு வேலை செய்யும் சக்தி உண்டு. அதனால்தான் எதைச் சாப்பிடுகிறோம் என்று தெரிந்து சாப்பிட வேண்டும்.

செங்காங் வாசகி: பாய் ஃபெங் வான் என்ற சீன மருந்தை மாதாமாதம் சாப்பிடுகிறேன். நாங்கள் சைவம். பிரச்சினை இல்லையே?

பதில்: பாரம்பரியச் செய்முறையில் அது கருங்கோழி சேர்ந்த மருந்து. பெட்டியிலுள்ள பட்டியலைப் படியுங்கள். அப்புறம் எந்தச் சீன மருந்திலும் அ ஜியாவ் என்று இருந்தால் அது கழுதைத் தோலில் காய்ச்சிய பசை. ஸு ஹெ ச்சே என்று எழுதியிருந்தால் அது மனித நஞ்சுக்கொடி. சீன அரசின் மருந்துத் தொகுப்பிலிருந்தே 2015இல் அதை எடுத்துவிட்டார்கள்.

பொங்கோல் வாசகி: அடுத்த மாதம் ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை). டாங் குய் சூப் குடித்தால் கருப்பை பலப்படும் என்று மாமியார் தினமும் வைத்துத் தருகிறார்.

பதில்: இன்றே நிறுத்துங்கள். டாங் குய் ரத்தம் உறைவதைப் பாதிக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டியதாகப் பதிவுகள் உள்ளன. முட்டை எடுக்கும்போது ஊசி உள்ளே போகும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினும் தரலாம். ஐவிஎஃப் குழுவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். மாமியாரிடம் "டாக்டர் வேண்டாம் என்றார்" என்று சொன்னால் போதும்.

சென்னை வாசகி: இங்கே சீன வைத்தியர் இல்லை. 'நிச்சயக் கருத்தரிப்பு சீனப் பொடி' இணையத்தில் கிடைக்கிறது. வாங்கவா?

பதில்: வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் ஒரு உடல் மெலிவு மருத்துவமனையில் சீன மூலிகை தந்தார்கள். ஃபாங் ஜி என்ற வேருக்குப் பதில், பெயரில் அதை ஒத்த குவாங் ஃபாங் ஜி உள்ளே வந்துவிட்டது. அதில் இருப்பது அரிஸ்டோலோக்கிக் அமிலம். நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் கெட்டது. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் வந்தது. எல்லாரும் மருத்துவர் கையால் வாங்கிச் சாப்பிட்டவர்கள். பெயர் தெரியாத பொடியை யாரை நம்பி வாங்குவீர்கள்? சிங்கப்பூரில் சீன மருந்துப் பெட்டிகளை அரசு பட்டியலிட்டு, கன உலோகம் சோதித்த பிறகே விற்க விடுகிறது. அப்படிப்பட்ட மருந்துக்குக்கூடக் குழந்தையின்மையைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்யச் சட்டம் இடம் தருவதில்லை. 'நிச்சயம்' என்று எழுதியிருப்பதே உங்களுக்கு எச்சரிக்கை. நீங்கள் இருவரும் பரிசோதனை செய்துகொண்டீர்களா?

ஜூரோங் வாசகி: சீன வைத்தியர் என் கருப்பை 'குளிர்ச்சி' என்கிறார், ஐஸ் தண்ணீர் கூடாதாம். அம்மாவோ உடம்பு சூடு, வெந்தயமும் இளநீரும் குடி என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பாளையங்கோட்டை சித்த மாணவர்: அம்மா சொல்வதே சரி. நம் சீதோஷ்ணத்துக்குச் சூடுதான் பிரச்சினை. சீனாவின் குளிருக்கு எழுதியதை இங்கே பொருத்தக் கூடாது.

பிடோக் வாசகர்: சிங்கப்பூரிலும் வெயில்தானே? இங்கே சீனப் பெண்களுக்கும் குளிர்ச்சி என்றுதான் சொல்கிறார்கள். இரண்டுமே கதை.

சித்த மாணவர்: ஆயிரக்கணக்கான ஆண்டு அனுபவத்தைக் கதை என்று தள்ளாதீர்கள்.

பதில்: இருவரும் கொஞ்சம் பொறுங்கள். கேட்டவர் நடுவில் நிற்கிறார். ஜூரோங் தங்கச்சி, உங்களுக்குக் கைகால் சில்லென்று இருக்கிறதா, எடை கூடுகிறதா, களைப்பா, மாதவிடாய் ஒழுங்கில்லையா? அந்த வைத்தியர் குளிர்ச்சி என்று சொன்னது இதையெல்லாம் பார்த்துத்தான் என்றால், தைராய்டு குறைவாகவும் இருக்கலாம். டிஎஸ்எச் என்ற ஒரே ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், அதற்கு மாத்திரையும் இருக்கிறது. ஐஸ் தண்ணீரை விடுவதாலும் இளநீர் குடிப்பதாலும் பொதுவாக யாருக்கும் கெடுதல் இல்லை, இரண்டையும் செய்யுங்கள்.

தம்பி, உங்கள் படிப்பை நான் குறை சொல்லவில்லை. எனக்கு வருத்தம் தருவது வேறு. 'சூடு மாத்திரை' என்று சொல்லி இரும்புச் சத்தையும் ஃபோலிக் அமிலத்தையும் நிறுத்திவிடும் பெண்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். கருத்தரிக்கும் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்தால் குழந்தையின் தண்டுவடக் குறைபாடு பெரிதும் குறைகிறது. நாளைக்கு உங்களிடம் வரும் பெண்ணிடம் அதை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள். அது போதும் எனக்கு.

சித்த மாணவர்: அதை ஒப்புக்கொள்கிறேன் அக்கா. சூடு பற்றி ஒப்புக்கொள்ளவில்லை.

பதில்: சரி.

உட்லண்ட்ஸ் வாசகி: பாய் ஃபெங் வான் சாப்பிட்டால் சீக்கிரம் கரு நிற்குமா?

பதில்: அது என்ன மருந்து என்று செங்காங் வாசகிக்கு எழுதியிருக்கிறேன். சீக்கிரம் நிற்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கணவருக்குப் பரிசோதனை?

தெம்பனிஸ் வாசகி: இரட்டைக் குழந்தைக்கு மூலிகை?

பதில்: இல்லை.

பெயர் சொல்லாதவர்: ஆண் குழந்தைக்கு?

பதில்: இல்லை, இனி இந்தக் கேள்விக்குப் பதிலும் எழுத மாட்டேன்.

சுவா சூ காங் வாசகி: அக்கா, பயமாக இருக்கிறது. மாதவிடாய் ஒழுங்காக வரக் கஷாயம் குடித்து வந்தேன். நேற்று டெஸ்ட்டில் இரண்டு கோடு! பொட்டலத்தில் ஈ மூ ச்சாவ், ஹோங் ஹுவா என்று இருக்கிறது.

பதில்: வாழ்த்துகள். இரண்டும் கர்ப்பத்தில் சேராத மூலிகைகள், கருப்பையைத் தூண்டக் கூடியவை. இந்த நிமிடமே நிறுத்துங்கள். தெரியாமல் குடித்ததால் கட்டாயம் கெடுதல் வரும் என்று பொருள் இல்லை. பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் பட்டியலைப் படம் எடுத்து, இன்றே மகப்பேறு மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். கஷாயம் தந்த வைத்தியருக்கும் தெரிவியுங்கள். ஃபோலிக் அமிலம் தொடரட்டும். ரத்தம் பட்டாலோ, அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கருக்குழாயில் கரு தங்கியிருந்தால் அப்படித்தான் தெரியும். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.