நவம்பர் குளிரில் வாசல் விளக்குக்கு வரும் சாம்பல் அந்துப்பூச்சி எது?

பாஸ்டன் பக்கம், நவம்பர் கடைசி, மங்கலான சாம்பல்பழுப்புப் பூச்சி என்கிறீர்கள். நிறத்தை விடுங்கள், தேதிதான் பெரிய துப்பு. அந்தக் குளிரில் பறப்பவை கொஞ்சம்தான். முன்சிறகின் மேல்விளிம்பில், நுனிக்கருகே வெண்திட்டு இருந்தால் அது அல்சோஃபிலா பொமெட்டாரியா என்ற இனம். இல்லையென்றால் அநேகமாக ஆபரோஃப்டெரா பேரினத்து ஆண். பெண்ணுக்குப் பறக்கிற அளவு சிறகே கிடையாது, மரத்தில் ஏறித்தான் போகும்.

சிக்கல் இதற்கப்புறம்தான். இந்தப் பேரினத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த புருமாட்டா இனமும் உள்ளூர் புரூசியாட்டா இனமும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் கலந்து கலப்பினமும் உண்டாகும். ஆணின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், அல்லது டிஎன்ஏ சோதனை. வெறும் புகைப்படத்தை வைத்து இனப்பெயரை அடித்துச் சொல்பவரை நான் நம்பமாட்டேன். நீங்கள் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.