ஆரிலிருந்து பைத்தானுக்கு: நாலுமுக்கில் மழையே பெய்யவில்லையா?

கேள்வி: அண்ணாச்சி, நான் பாளையங்கோட்டையில் ஆராய்ச்சி மாணவன். மாஞ்சோலை, ஊத்து, நாலுமுக்கு மலைத் தோட்டங்களின் தினசரி மழையளவையும் பாபநாசம், மணிமுத்தாறு அணை நீர்மட்டத்தையும் அலச, எனக்கு முன் இருந்த அக்கா ஆர் மொழியில் எழுதிய ஸ்கிரிப்டுகள் இருக்கின்றன. அவற்றை ஏஐயிடம் கொடுத்துப் பைத்தானுக்கு மாற்றிவிட்டேன். எரர் இல்லாமல் ஓடுகிறது. இது போதுமா?

பதில்: போதாது தம்பி. எரர் வந்தால் தப்பு எங்கே என்று அதுவே காட்டிவிடும். சத்தமில்லாமல் வேறு எண் வருவதில்தான் வில்லங்கம்.

நாலுமுக்கு மழைமானி ஒரு நவம்பர் முழுக்கப் பழுது என்று வைத்துக்கொள். அந்தக் கட்டங்கள் காலி. ஆரில் வெறும் சம் (கூட்டல் கட்டளை) போட்டால் என்ஏ, அதாவது ‘அளவு இல்லை’ என்று கைவிரித்துவிடும். பைத்தானில் அட்டவணைக் கணக்குக்கான பாண்டாஸ் தொகுப்போ காலியை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் கூட்டும். மிச்சமே இல்லையென்றால் 0 என்று சொல்லும். வடகிழக்குப் பருவமழை நடுவில் நாலுமுக்கில் ஒரு சொட்டு இல்லையாம்! நம்மூர்க்காரன் எவனும் நம்பமாட்டான், கிராஃப் நம்பிவிடும். சம்முக்குள் மின்_கவுண்ட்=1 என்று கொடுத்தால் முழுக் காலி மாதம் காலியாகவே நிற்கும். பாதி காலியான மாதத்துக்கு 25 என்று கொடுத்துப் பார். குறைந்தது 25 நாள் அளவு இருந்தால்தான் கூட்டும்.

நிலையத்தின் பெயர் விடுபட்ட வரிகளையும் பார். குழு பிரிக்கும்போது ஆரின் டிப்ளையர் தொகுப்பு அவற்றைத் தனிக் குழுவாக வைத்துக்கொள்ளும்; பாண்டாஸின் குரூப்-பை கட்டளையோ, டிராப்என்ஏ=ஃபால்ஸ் சொல்லாவிட்டால், அவற்றைத் தூக்கி எறிந்துவிடும். திட்டவிலக்கத்தில் ஆரும் பாண்டாஸும் தரவு எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுக்கும், பைத்தானின் இன்னொரு தொகுப்பான நம்பை முழு எண்ணிக்கையால் வகுக்கும். வருடத்துக்கு ஒரு எண்ணாக 30 வருடக் கணக்கில் நம்பையின் விடை சுமார் 1.7 சதவீதம் குறைவாக வரும். ஆர் 1இலிருந்து எண்ணும், பைத்தான் 0இலிருந்து. இது உனக்கே தெரிந்திருக்கும்.

ஆகவே முதல் வேலை, அக்காவின் ஸ்கிரிப்டை இன்றைய தரவில் ஓட்டி, ஒவ்வொரு படியின் விடையையும் சிஎஸ்வியாகச் சேமி. பைத்தான் விடையைத் தேதிவாரியாக அதோடு ஒப்பிடு. தசமத்தின் பத்தாவது இடத்து வித்தியாசத்தை விட்டுவிடு. மற்றதற்கெல்லாம் காரணம் தேடு. ரேண்டம் எண் வரும் இடத்தில் மட்டும் சீட் (தொடக்க எண்) ஒன்றாக இருந்தாலும் விடை பொருந்தாது, அங்கே மண்டையை உடைக்காதே.

அப்புறம் அக்காவுக்கு ஒரு ஃபோன் போடு. அவர் எங்காவது என்ஏ.ஆர்எம்=ட்ரூ (காலியை ஒதுக்கு) என்று போட்டிருந்தால் பழைய விடையிலேயே அந்தப் பொய் 0 இருக்கலாம். ஏன் போட்டார் என்பது அவருக்குத்தான் தெரியும்.