பதில்: ஏற்காடு நாய்க் காப்பகத்தில் தலைவர் மாற்றம், வங்கிக் கணக்கு முடக்கம்

வணக்கம்ங்க. பழைய தலைவர் விலகிவிட்டார், புதியவர் கையெழுத்தை வங்கி ஏற்கவில்லை, தீனி வாங்கப் பணம் எடுக்க முடியவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

பதிவுச் சான்றிதழைப் பாருங்கள். 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்த சங்கம் என்றால், ராஜினாமா ஏற்பையும் புதியவர் தேர்வையும் மினிட்ஸ் புத்தகத்தில் தீர்மானமாக எழுதி, நிர்வாகிகள் மாற்றத்தைத் தெரிவிக்கும் படிவம் 7ஐ மாவட்டப் பதிவாளரிடம் 3 மாதத்துக்குள் தாக்கல் செய்யுங்கள். அறக்கட்டளை என்றால் பத்திரத்தில் சொன்ன முறைதான். வங்கிக்குக் கொடுக்கும் தீர்மான நகலில், பழையவரின் கையெழுத்து அதிகாரம் நீக்கப்பட்டது என்ற வரி தனியாக இருக்கட்டும். அது விடுபட்டால் மனு திரும்பி வரலாம். வெளிநாட்டு நன்கொடை அனுமதி இருந்தால், நிர்வாகிகள் மாற்றத்தை எஃப்சி-6இ படிவத்தில் 45 நாளுக்குள் தெரிவியுங்கள்.

இதைவிட அவசரம் காப்பகத்துக்குள் இருக்கிறது. கெட்டமைன் (மயக்க மருந்து) அலமாரிச் சாவியை மருத்துவர் முன்னிலையில் குப்பிகளை எண்ணிக் கைமாற்றுங்கள். தடுப்பூசி ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். கரண்ட் போனால் யார் பொறுப்பு என்று கதவிலேயே பெயர் எழுதி ஒட்டுங்கள்.

கருத்தடைக்குப் பிடித்த நாயை அதே இடத்தில்தான் விட வேண்டும், 2023 விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும் அதையே சொல்கின்றன. வேறு தெருவில் விட்டால் அங்குள்ள நாய்கள் கடித்துக் குதறிவிடும், பாவம். பிடித்த இடம் பலநேரம் பழையவர் நினைவில் மட்டும்தான் இருக்கும். அவரை ஒவ்வொரு கூண்டு முன்னாலும் நிறுத்திக் கேட்டு எழுதுங்கள். 'ஏரிப்பக்கம்' என்றால் போதாது. 'அண்ணா பூங்கா வாசல்', 'ஒண்டிக்கடை ரவுண்டானா' என்று துல்லியமாக வேண்டும். இதை இன்றைக்கே முடித்துவிடுங்கள்.