கந்தையைப் பார்க்க ஜப்பான் வரை

அன்புள்ள அக்கா,

வணக்கம். ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். பிட்டுத் துணிகளைச் சேர்த்து ஒட்டுப்போட்டுப் போர்வை தைப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். பன்னிரண்டு பேர் மட்டும் போகும் ஜப்பான் பயணம் ஒன்று அறிவித்திருக்கிறார்கள். குவில்ட் (ஒட்டுப் போர்வை), சஷிகோ (ஜப்பானிய ஓட்டத் தையல்), சாயம், நெசவு என்று பத்து நாளில் எட்டு ஊர். நாலு லட்சத்துக்கு மேல் ஆகும். "கந்தைத் துணியைப் பார்க்க அவ்வளவு தூரமா?" என்கிறார் கணவர். எனக்கும் ஒரு சந்தேகம். குவில்ட் ஜப்பானுக்கு அமெரிக்காவிலிருந்து போனது என்று படித்தேன். அப்படியென்றால் அங்கே போய் நான் எதைப் பார்ப்பது?

வி., ஈரோடு

அன்புள்ள வி.,

நீங்கள் படித்தது சரிதான். இன்று ஜப்பானில் குவில்ட் என்ற பெயரில் தைப்பதெல்லாம் பெரும்பாலும் அமெரிக்க வழி வந்தது. 1970களின் நடுவில் அமெரிக்காவின் பழைய குவில்ட்கள் டோக்கியோவிலும் கியோட்டோவிலும் காட்சிக்கு வந்தன. அப்புறம் வகுப்புகள், பத்திரிகைகள் என்று பிடித்துக்கொண்டது. 2002 முதல் பல ஆண்டுகள் டோக்கியோ டோம் என்ற பேஸ்பால் மைதானத்திலேயே ஜனவரி மாதம் குவில்ட் திருவிழா நடந்தது. வாங்கியதை அவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளவும் இல்லை. குவில்ட் கலைஞர் யோகோ சைட்டோவின் வேலையைப் பாருங்கள். சாம்பலும் பழுப்பும் கலந்த மங்கல் நிறங்கள்தான் எல்லாம். கிட்டே போனால்தான் ஒரு துணி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியும். ஆனால் இதற்காக மட்டும் என்றால் போக வேண்டாம் என்பேன். அவருடைய புத்தகங்கள் ஆங்கிலத்திலேயே கிடைக்கின்றன.

நான் போகச் சொல்வது கந்தைக்காகத்தான். உங்கள் கணவர் கேலியாகச் சொன்னாலும் சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறார்.

ஜப்பானின் பெரிய தீவில் வடகோடி அவோமோரி. பருத்தி விளையாத குளிர். பருத்தித் துணி வேண்டுமென்றால் ஒசாகா பக்கமிருந்து பழந்துணி கப்பலில் வர வேண்டும். போதாததற்கு, அங்கே த்சுகாரு பகுதியை ஆண்டவர்கள் 1724இல் ஒரு சிக்கனச் சட்டம் போட்டார்கள்: விவசாயிகள் பருத்தி உடுத்தக் கூடாது, செடி நாரில் நெய்த முரட்டுத் துணிதான். அந்தத் துணியில் இழைக்கு இழை காற்று புகும். பெண்கள் அந்த இடைவெளியை ஊசியால் அடைத்தார்கள். நீலச் சாயம் ஏற்றிய துணியில் பாவு இழைகளை 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படையில் எண்ணி, ஊடையின் போக்கிலேயே நூலை ஓட்டினார்கள். முதலில் நார் நூல். பருத்தி நூல் கைக்கு எட்டிய பிறகு வெள்ளைப் பருத்தி நூல். இதுதான் கோகின். பக்கத்து நான்பு பகுதியில் இரட்டைப்படையில் எண்ணினார்கள். அதனால் கோகினில் சாய்சதுரம் நெட்டையாக நிற்கும், நான்புவில் அகலமாகப் படுத்திருக்கும். துணியைப் பார்த்தே எந்த ஊர் என்று சொல்லிவிடலாம்.

குளிரும் தோளில் தூக்கிய பாரமும் தைக்க வைத்த துணி இது. தோளிலும் மார்பிலும் தையல் நெருக்கமாக இருப்பது அதனால்தான். வழிகாட்டி யாராவது இதை, குறையிலும் பழமையிலும் அழகு காணும் 'வாபி-சாபி' என்று தத்துவமாக்கத் தொடங்கினால் நீங்கள் பாட்டுக்குத் துணியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

ரயில் வந்து பருத்தி மலிவானதும் கோகின் ஏறக்குறைய மறைந்தது. நாட்டுப்புறக் கைவினைகளுக்காக இயக்கம் நடத்திய யனகி சோயெத்சு 1930களில் இதைப் பற்றி எழுதினார். மீட்பு வேலை ஹிரோசாகி நகரில் நடந்தது. அங்கே இருக்கும் கோகின் ஆய்வகத்துக்கு ஒரு முழு நாளாவது ஒதுக்குங்கள். அதே அவோமோரியின் இன்னொரு சொத்து போரோ. ஒட்டுக்கு மேல் ஒட்டு வைத்து, தலைமுறை தலைமுறையாகப் போர்த்திய கந்தை. வறுமையின் அடையாளம் என்று வெட்கப்பட்டுப் பலரும் ஒழித்துக் கட்டிய காலத்தில் தனாகா சூசபுரோ என்பவர் கிராமம் கிராமமாகப் போய்ச் சேகரித்தார். அந்தச் சேகரிப்பைக் காட்டிய, டோக்கியோவின் அசாகுசா பகுதியில் இருந்த அமியூஸ் அருங்காட்சியகம் 2019இல் மூடப்பட்டுவிட்டது. உங்கள் பயண அட்டவணையில் அந்தப் பெயர் இருந்தால், பழைய அட்டவணையைத் தூசி தட்டி நீட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

சஷிகோ வகுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். அது ஒரு மணி நேரமா, அரை நாளா என்றும் கேளுங்கள். நாம் ஊசியைத் துணிக்குள் குத்திக் குத்தி எடுக்கிறோம். அவர்கள் நீள ஊசியின் பின்முனையை உள்ளங்கையில் ஒரு தகட்டுத் திம்பிளில் (ஊசி குத்தாமல் காக்கும் உறை) ஊன்றிவைத்து, துணியை மடிப்பு மடிப்பாக ஊசி மேல் ஏற்றுகிறார்கள். ஊசி நிறைந்ததும் ஒரே இழுப்பு. பிறகு சுருங்கிய துணியை விரலால் நீவி நேராக்குகிறார்கள். திரும்பும் மூலையில் பின்பக்கம் நூலைச் சற்றுத் தொய்வாக விடுவார்கள், துவைத்தால் துணி சுருங்கி இழுக்காமலிருக்க. பல வருடமாக ஓட்டத் தையல் போடுகிற உங்கள் கைக்கு இதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் உடனே பிடிபடும். வீடியோவில் அந்த உள்ளங்கை தெரியாது.

பத்து நாளில் எட்டு ஊர் என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பாதி நேரம் பெட்டி கட்டுவதில் போய்விடும். ஹிரோசாகி தவிர இரண்டு ஊர்கள் இருந்தால் போதும். ஒன்று நகோயா நகருக்குள்ளேயே இருக்கும் அரிமாத்சு. 1608இல் தொடங்கிய ஊர். எதோவுக்கும் (இன்றைய டோக்கியோ) கியோட்டோவுக்கும் போன தொகாய்தோ சாலையில் நடந்து போனவர்களுக்கு முடிச்சுச் சாயத் துணி விற்றே வளர்ந்தது. நம் சுங்குடி தெரிந்தவருக்கு முதல் பார்வையில் பழகிய வேலை போல இருக்கும். ஆனால் அங்கே நூற்றுக்கு மேல் கட்டு வகை. ஒருவர் ஆயுள் முழுக்க ஒரே வகையைக் கட்டுவதுதான் வழக்கம். இன்னொன்று தொகுஷிமா, நீலச் சாயம் தரும் அவுரிக்குப் பேர்போன ஊர். அவர்களுடையது நம் அவுரிச் செடி இல்லை, வேறு இனம். காய்ந்த இலையை நீர் தெளித்துக் கிளறிக் கிளறி நூறு நாள் போலப் புளிக்கவைத்து மண் போல ஆக்குகிறார்கள். அந்தக் கொட்டகையில் அம்மோனியா நெடி மூக்கை அடைக்கும், கைக்குட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மெய்ஜி காலத்தில் (1868–1912) இவர்கள் தொழிலை முதலில் அசைத்தது நம் இந்திய அவுரிதான். ஜெர்மன் செயற்கைச் சாயம் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

கியோட்டோவின் நெசவுப் பகுதியான நிஷிஜினில் கிமோனோ அலங்கார நிகழ்ச்சி என்றால் விட்டுவிடலாம். தறியைப் பார்க்க விட்டால் மட்டும் போங்கள்.

பிட்டுத் துணி வாங்கக் கியோட்டோவின் தோஜி கோயில் சந்தை. ஒவ்வொரு மாதமும் 21ஆம் தேதி. பிரித்த பழைய கிமோனோக்கள் குவியலாகக் கிடக்கும். கிமோனோத் துணியின் அகலம் ஏறக்குறைய 36 சென்டிமீட்டர், வெட்டெல்லாம் நேர்கோடு. அதனால் பிரித்தால் நேரான பட்டைகளாகவே வரும், ஒட்டுவேலைக்கு வாகு. சிவப்புப் பட்டு உள்துணியை மட்டும் யோசித்து வாங்குங்கள், ஈரம் பட்டால் சாயம் விடும். மெல்லிய கோடு போட்ட பருத்தியைக் காட்டித் 'தோசன்' என்றால் நின்று பாருங்கள். டச்சுக் கப்பல்கள் சோழமண்டலக் கரையிலிருந்து நாகசாகிக்குக் கொண்டுபோன துணியைப் பார்த்து நெய்யத் தொடங்கியது. பெயரில் நம் சாந்தோம் இருக்கிறது.

ஆகவே ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்: அவோமோரி உண்டா, வகுப்பு எத்தனை மணி நேரம், 21ஆம் தேதி கியோட்டோவில் இருப்போமா? முதல் இரண்டுக்கும் சரியான பதில் வந்தால் பணத்தைக் கட்டுங்கள். மூன்றாவது தவறினால் 25ஆம் தேதி கிதானோ தென்மாங்கு கோயிலிலும் சந்தை உண்டு. கத்தரிக்கோலையும் ஊசிகளையும் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

அன்புடன்
அக்கா